ஆறு மாதம் வீடு பூட்டியிருக்கும்போது வேலைக்கு வருபவருக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி?

கேள்வி: நங்கநல்லூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். மகளின் பிரசவத்தை முன்னிட்டு நானும் என் கணவரும் அக்டோபர் தொடக்கத்தில் நியூஜெர்சிக்குக் கிளம்பி மார்ச் இறுதியில் திரும்ப இருக்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கு இந்த ஆறு மாதச் சம்பளத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காலை ஏழு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்து, துவைத்த துணியை மாடியில் உலர்த்திவிட்டு எட்டரை மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போவார். மாதம் 5,000 ரூபாய் கொடுக்கிறோம். எங்களையும் சேர்த்து நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஜூன் மாதம் 18,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். மாதம் ஆயிரமாகப் பிடித்து வருகிறோம், பெரும்பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது.

எதிர் வீட்டு அம்மா, வெளியூர் போனால் பாதிச் சம்பளம் கொடுப்பதுதான் இந்தத் தெருவின் வழக்கம் என்கிறார். என் கணவர் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்கிறார். கொழுந்தனாரோ, ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான் இரு தரப்புக்கும் நல்லது என்கிறார். எனக்கு முழுச் சம்பளம் கொடுக்கத்தான் மனம் இருக்கிறது. ஆனால் நாங்கள் ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர்கள், விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து ஏற்கெனவே பெருந்தொகை ஆகிவிட்டது. முழுச் சம்பளம் கொடுத்தால் வாரம் ஒரு முறை வந்து வீட்டைத் திறந்து பெருக்கச் சொல்லலாமா, நாங்கள் இல்லாத நாளில் வரும் தீபாவளிக்கு போனஸை எப்போது கொடுப்பது, முன்பணப் பாக்கியை இந்த மாதங்களிலும் பிடிக்கலாமா என்ற கேள்விகளுக்கும் அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அடையாற்றங்கரை

பாதிச் சம்பளம் பல தெருக்களில் வழக்கமாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதிக்கு ஈடாக அவரிடம் எதைக் கேட்கிறோம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீங்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே பெண்மணி உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், ஏழிலிருந்து எட்டரை வரையிலான அந்த நேரத்தை ஆறு மாதமும் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர் உங்களுக்காக வைத்திருக்க வேண்டும். இந்த வேலையில் காலை ஏழு மணிக்குத்தான் கிராக்கி அதிகம். அலுவலகம் போகிறவர்கள் வீட்டில் எல்லோரும் அந்த நேரத்தைத்தான் கேட்பார்கள். பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லும் வீடுகள் குறைவு, சம்பளமும் குறைவு. ஆகவே பாதிச் சம்பளத்தில் அவரைக் காத்திருக்கச் சொல்வது, அவருடைய நாளின் விலை மதிப்புள்ள பகுதியைப் பாதி விலைக்குப் பூட்டி வைப்பதாகும்.

என் கருத்தில் நியாயமான வழிகள் இரண்டே. நேரத்தை உங்களுக்காக வைத்திருக்கச் சொன்னால் முழுச் சம்பளம் கொடுங்கள். அது இயலாதென்றால், இந்த நேரத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துக்கொள்ளலாம், நாங்கள் திரும்பும்போது உங்களால் வர முடியாவிட்டாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று தெளிவாகச் சொல்லி, குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து விடை பெறுங்கள். ஒன்பது ஆண்டு உழைத்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் போதாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், வீட்டு வேலை செய்பவர்களால் வர முடியாமல் போனால் சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம் என்று பிரதமர் தம் உரையில் கேட்டுக்கொண்டதும், பலர் அதன்படி நடந்ததும் நினைவிருக்கும். அப்போது இரு தரப்பின் கையிலும் எதுவும் இல்லை. இப்போதோ ஊருக்குப் போவது முழுக்க நம்முடைய முடிவு. அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றுவது பொருந்தாது.

தீபாவளி போனஸைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். துணிமணி எடுப்பவர்கள் பண்டிகைக்கு முதல் நாள் வரை காத்திருப்பதில்லை. முன்பணத்தைப் பொறுத்தவரை, முழுச் சம்பளம் கொடுப்பதானால் அவரிடம் கேட்டுக்கொண்டு வழக்கம்போல் ஆயிரம் பிடிக்கலாம். சம்பளத்தைக் குறைப்பதானால் கட்டாயம் நிறுத்தி வைக்க வேண்டும். 2,500 கொடுத்து அதில் ஆயிரத்தைப் பிடித்தால், அவர் கையில் கிடைக்கும் 1,500 ரூபாயை வைத்து ஒரு மாதம் என்ன செய்ய முடியும்?

மறுமொழி: மாம்பலத்தார்

மேலே எழுதியவரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முழுச் சம்பளம் அல்லது விடை என்று இரண்டாகப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு முப்பதாயிரம் ரூபாய் சிறு தொகை அல்ல. கேள்வி கேட்டவர் தம் நிலையை மறைக்காமல் சொல்லியிருக்கும்போது, அதை ஒதுக்கிவிட்டு அறிவுரை சொல்வது முறையாகாது.

நாங்கள் நடுவழி ஒன்றைக் கடைப்பிடித்தோம், அது நன்றாகவே நடந்தது. ஊருக்குப் போகும் தேதி தெரிந்தவுடன், ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, எங்கள் வீட்டுக்கு வருபவரிடம் சொல்லிவிட்டோம். அந்த இடைவெளியில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் தேவைப்படும் வீடு ஒன்றை அவரும் நாங்களும் சேர்ந்தே தேடினோம். பிள்ளை பெற்றவர் தாய்வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் வீடு, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வில் இருப்பவர் வீடு, வழக்கமாக வருபவர் ஊருக்குப் போய்விட்ட வீடு என்று நான்கைந்து மாதத்துக்கு மட்டும் உதவி கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதியதும் இரண்டு வீட்டார் கூப்பிட்டார்கள். அங்கே கிடைத்த சம்பளத்தோடு எங்கள் பாதிச் சம்பளமும் சேர்ந்ததால், அவருக்கு எந்த மாதமும் வருமானம் குறையவில்லை. சில மாதங்கள் கூடுதலாகவே கிடைத்தது.

ஒன்று மட்டும் முக்கியம். பாதிச் சம்பளம் கொடுக்கும்போது அவருக்கு உண்மையான சுதந்திரம் இருக்க வேண்டும். வேறு வீடு பிடித்துக்கொள் என்று வாயால் சொல்லிவிட்டு, திரும்பி வரும் தேதியை மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் அவரால் யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. பயணச்சீட்டில் இருக்கும் தேதியைச் சொல்லுங்கள். அது மாறினால் மறுநாளே தொலைபேசியில் தெரிவியுங்கள்.

மறுமொழி: சோழிங்கநல்லூர் தோழி

வீட்டு வேலை செய்யும் பெண்களோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் ஒரு காலத்தில் அந்தப் பகுதிகளில் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்தவர்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடியமர்த்தப்பட்ட பிறகும் வேலை செய்த பழைய வீடுகளை விடாமல் பேருந்து பிடித்து வருகிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு மிச்சம். ஆனால் பொழுது மிச்சமில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முதல் வீட்டுக்கு நேரத்தில் வர முடியும். நான்கு வீடுகளில் ஒன்று நின்றுபோனால் ஒரு வீட்டு உழைப்பு குறையும், நாள் குறையாது. இரண்டாவது வீட்டில் எட்டரைக்குத்தான் கதவு திறப்பார்கள் என்றால், ஏழு மணிக்கு இறங்கிய பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை. அடுத்த பேருந்தில் வரலாமே என்று கேட்பவர்கள், அந்தப் பேருந்து எட்டரைக்குள் கொண்டுவந்து சேர்க்கும் என்ற உறுதி யாருக்கும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருபவர் பக்கத்திலேயே குடியிருக்கிறாரா, தொலைவிலிருந்து வருகிறாரா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும்.

இன்னொன்று, இவர்களில் பெரும்பாலோர் மகளிர் குழுவிலோ நுண்கடன் நிறுவனத்திலோ கடன் வாங்கியிருப்பார்கள். வாரத் தவணைக்கு ஒரு வீட்டுச் சம்பளம், வாடகைக்கு இன்னொரு வீட்டுச் சம்பளம் என்று ஒவ்வொரு வீட்டுப் பணத்துக்கும் ஒரு செலவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு வீடு நின்றால் தவணைக்காக வேறொரு இடத்தில் வட்டிக்கு வாங்குவார்கள். நீங்கள் திரும்பி வந்து முழுச் சம்பளத்தைத் தொடங்கிய பிறகும் அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். வீட்டு உரிமையாளர் ஊரில் இல்லாத காலத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று தனிப்பட்ட சட்டப் பிரிவு எதுவும் இங்கே இல்லை. வீட்டுப் பணியாளர்களின் கண்ணியமான வேலை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அதற்கு இன்னும் முறையான ஒப்புதல் அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, திருமண உதவி, விபத்து இழப்பீடு, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவை உறுப்பினர்களுக்கு உண்டு. கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான் என்கிறீர்கள். அவர் இதுவரை பதிவு செய்யாமல் இருந்தால் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அவரோடு இ-சேவை மையத்துக்குப் போய்ப் பதிவை முடித்துக் கொடுங்கள். பதிவு இணையவழியிலேயே நடக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கூட இருந்தால் போதும். நாளெல்லாம் நான்கு வீட்டில் நிற்பவருக்கு அந்த அரை நாள் கிடைப்பதில்லை என்பதால்தான் பலர் பதிவு செய்யாமலே இருக்கிறார்கள். அதே கையோடு, வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்துவிடலாம்.

சம்பளத்தைப் பொறுத்தவரை நான் முதலில் எழுதியவரின் பக்கம். மாம்பலத்தார் சொன்ன வழியும் நல்லதே. ஆனால் தற்காலிக வீடு கிடைக்காமல் போனால் அந்த இழப்பை யார் ஏற்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். அதைப் பேசாமல் விட்டால் எப்போதும் அவர்தான் ஏற்பார்.

மறுமொழி: சிங்கை வாசகி

சிங்கப்பூரில் வீட்டோடு தங்கும் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கான விதி இதில் தெளிவாக இருக்கிறது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதச் சம்பளத்தை முதலாளி முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். வேறு வீட்டில் வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. முதலாளி ஊரில் இல்லை என்பதற்காக உறவினர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவைப்பதும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. உங்கள் நிலை வேறு, உங்கள் வீட்டுக்கு வருபவர் நான்கு வீடுகளுக்குப் போகிறவர். ஆனாலும் இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் நியாயம், முதல் மறுமொழியில் சொல்லப்பட்ட நியாயமேதான்: ஒருவரின் நேரத்தை வேறு யாருக்கும் தர முடியாதபடி வைத்திருந்தால் அதற்குரிய முழுச் சம்பளத்தையும் தர வேண்டும்.

மறுமொழி: வேளச்சேரி மாடிவீடு

சாவியைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாரம் ஒரு முறை வந்து வீட்டைத் திறந்து பெருக்கச் சொல்வது நமக்கு எளிய வேலையாகத் தெரியும். ஆனால் ஆளில்லாத வீட்டின் சாவியைத் தனியாக ஒருவர் கையில் கொடுப்பது, அவரைப் பெரிய ஆபத்துக்கு உள்ளாக்குவதாகும். ஆறு மாதம் பூட்டியிருந்த வீட்டில் எது காணாமல் போனாலும், கதவை உடைத்து உள்ளே வந்தவன் எடுத்திருந்தாலும், முதலில் காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுபவர் வேலைக்கு வந்தவராகத்தான் இருப்பார். நீங்கள் அவரைச் சந்தேகிக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் கடல் கடந்து இருக்கும்போது இங்கே பேசுபவர்கள் உறவினர்களாகவும் அண்டை வீட்டாராகவும் இருப்பார்கள்.

ஆகவே சாவி எதிர் வீட்டிலோ உங்கள் கொழுந்தனாரிடமோ இருக்கட்டும். அவர்கள் வந்து திறக்க, வேலையை முடித்ததும் அவர்களே பூட்டட்டும். நகை, பத்திரம் எல்லாம் வங்கி லாக்கருக்குப் போய்விட்டன, பீரோவில் எதுவும் இல்லை என்பதை இரு தரப்புக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்மணியின் நிம்மதிக்காகவே இதைச் செய்ய வேண்டும்.

நீங்கள் போகும் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், வாரம் ஒரு முறை பெருக்குவதை விட மொட்டை மாடியைப் பார்ப்பதுதான் முக்கியம். வேப்பிலையும் தூசியும் சேர்ந்து மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டால், ஒரே இரவு மழையில் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, கூரை ஓதம் காத்து, திரும்பி வரும்போது படுக்கையறைச் சுவர் முழுதும் பூஞ்சை பிடித்திருக்கும். மழைக்குப் பின் வெயில் அடிக்கும் நாளில் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். குளியலறைத் தரைக் குழியில் தண்ணீர் வற்றிவிட்டால் கரப்பான்பூச்சி ஏறி வரும்; ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டியை அணைத்து, துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியை இடையில் செருகிவிட்டுக் கிளம்புங்கள். இவ்வளவையும் செய்ய வாரம் ஒரு மணி நேரம் போதும். முழுச் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக ஆறு மாதத்தில் பரண், ஒட்டடை, திரைச்சீலை எல்லாவற்றையும் கழுவி வைக்கச் சொல்லாதீர்கள்.

மறுமொழி: நங்கநல்லூர் வாசி

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று அவரை உட்கார வைத்துப் பேசினோம். எங்களுக்குள்ளேயே விவாதித்துக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. சோழிங்கநல்லூர் தோழி எழுதியதுபோலவே எங்கள் வீட்டுப் பணம் அப்படியே வாடகைக்குப் போகிறது. வீட்டுக்காரர் ஐந்தாம் தேதி கேட்டு வந்துவிடுவார். ஆகவே ஆறு மாதப் பணத்தையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம், கையில் இருந்தால் வேறு செலவுக்குப் போய்விடும், மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் கணக்கில் வந்தால் போதும் என்றார். தற்காலிக வீடு பார்க்க அவருக்கு விருப்பமில்லை; புதிய வீட்டில் பழகுவதற்குள் காலம் முடிந்துவிடும், அங்கே வேலையை விடும்போது மனத்தாங்கலும் வரும் என்றார். முன்பணத்தை வழக்கம்போல் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது கடன் ஓரளவு குறைந்திருக்கும் என்று அவரே சொன்னார். டிசம்பரில் மகனுக்குத் தேர்வுக் கட்டணம் இருப்பதால் அந்த மாதம் மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

ஆகவே முழுச் சம்பளம் என்று முடிவு செய்துவிட்டோம். கணவர் தம் பயணத்தில் இரண்டு இடங்களுக்குப் போவதாக இருந்ததை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளத்தை இந்த வாரமே கொடுக்கிறோம், பொங்கலுக்கு வழக்கமாகக் கொடுப்பது ஜனவரிச் சம்பளத்தோடு போய்ச் சேரும். சாவி கொழுந்தனாரிடம், வாரத்தில் ஒரு நாள் அவர் வந்து திறக்கும்போது இவர் மாடியையும் குளியலறைகளையும் பார்ப்பார். நல வாரியப் பதிவு அவரிடம் இல்லை. சனிக்கிழமை இ-சேவை மையத்துக்கு இருவரும் போகிறோம். மாதா மாதம் பணம் அனுப்புவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அங்கே போன பிறகு கைப்பேசியில் ஏதாவது சிக்கல் வந்தால் ஐந்தாம் தேதி தவறிவிடுமே?

மறுமொழி: அடையாற்றங்கரை

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கைப்பேசியில் ஒவ்வொரு மாதமும் நீங்களே அனுப்பும் ஏற்பாடு வேண்டாம். ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே அந்த சிம் வேலை செய்யாவிட்டால் எதுவும் நடக்காது. கிளம்புவதற்கு முன் உங்கள் வங்கிக் கிளையிலோ அதன் இணையதளத்திலோ ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி அவர் கணக்குக்குப் பணம் தானாகப் போய்விடும். ஐந்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பாக இருந்தால் வங்கி விடுமுறை குறுக்கிட்டாலும் கவலையில்லை. டிசம்பரில் தொகை வேறுபடுவதால் அதற்குத் தனியாக ஒரு அறிவுறுத்தல் கொடுக்க வேண்டும், ஜனவரியில் பொங்கல் பணத்துக்கும் அப்படியே. ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்தே போகும்படி செய்தால் இருப்பு இல்லாமல் திரும்பும் பேச்சு எழாது.

அவருடைய கணக்கு எண்ணைப் புத்தகத்தைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டாம். நீண்ட நாள் பயன்படுத்தாத கணக்காக இருந்தால் முடங்கியிருக்கவும் கூடும். முதலில் நூறு ரூபாய் அனுப்பி, அது அவர் புத்தகத்தில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள். நவம்பரில் நீங்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டியவராக இருந்தால் அதற்கான வழியையும் அதே நாளில் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். அது தவறி ஓய்வூதியம் நின்றால் அவருடைய சம்பளமும் சேர்ந்து நின்றுவிடும்.